காலத்தை வரைந்தவர்கள் – அத்தியாயம் 9: சூரிய களங்கங்களின் சுவடு

எட்மண்டு ஹாலி 1686-ஆம் ஆண்டில் வெளியிட்ட காற்றுப் படத்தைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். ஆண்டுதோறும் ஒரே திசையில் வீசும் வியாபாரக் காற்றுகளையும், பருவத்துக்குப் பருவம் திசை மாறும் நம் சமுத்திரத்துக் காற்றுகளையும் ஒரே தாளில் அவர் அடக்கிக் காட்ட முடிந்ததற்குக் காரணம், அக்காற்றுகளிடம் ஒருவகை நித்தியத் தன்மை இருப்பதுதான். இவ்வாண்டு கண்ட காற்றை வருமாண்டும் அதே கடலில் காணலாம். ஆனால் தோன்றி, வளர்ந்து, இடம் பெயர்ந்து, சில சமயம் இரண்டாகப் பிளந்து, சில சமயம் அண்டையிலிருப்பதோடு கலந்து, முடிவில் சுவடின்றி மறைந்து போகும் பொருள்களும் இயற்கையில் உண்டு. அத்தகைய ஒன்றை நேற்று வரைந்த படத்தையும் இன்று வரைந்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, மற்ற வினாக்களுக்கெல்லாம் முன்னதாக ஒரு வினா எழுகிறது: அதுவும் இதுவும் ஒன்றுதானா? இதற்கு விடை கூறும் விதியை வகுக்காதவரை, ஆயிரம் படங்கள் சேர்ந்தாலும் அவை ஆயிரம் தனித்தனிப் படங்களாகவே இருக்குமேயன்றி, ஒரு பொருளின் சரித்திரமாக ஆகமாட்டா. அந்த விதியை மனிதர் முதன்முதலாக நாடித் தேடியது சூரியனுடைய முகத்தில். ஆகவே ஹாலியின் காலத்திலிருந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

தொலைநோக்கி பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட், வட ஜெர்மனியில் யோஹன்னஸ் ஃபாப்ரிஷியஸ், பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் ஏசு சபைப் பாதிரியாரான கிறிஸ்டோஃப் ஷைனர், இத்தாலியில் கலிலியோ ஆகிய நால்வரும் சூரிய பிம்பத்தில் கரிய புள்ளிகளைக் கண்டார்கள். யார் முந்திக் கண்டது என்று பின்னால் மூண்ட விவாதம் கசப்பானது. நம் தொடருக்கு அது தேவையுமில்லை. முதலில் அச்சேறியது 1611-ல் ஃபாப்ரிஷியஸ் வெளியிட்ட சிறு நூல் என்பதையும், மறைந்த புள்ளி திரும்பி வரக் கண்டு சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்று அந்த இளைஞர் சரியாகவே ஊகித்தார் என்பதையும் மட்டும் குறித்துவிட்டு மேலே செல்வோம். அந்நூலில் புள்ளிகளின் படம் ஒன்றும் இல்லாமற் போனது பெருங்குறை; சொல்லால் மட்டும் கூறப்பட்ட அந்த உண்மையை அக்காலத்தில் ஏறக்குறைய எவரும் பொருட்படுத்தவில்லை.

படத்தோடு வந்தவர் ஷைனர். ஆக்ஸ்பர்க் நகரத்துப் பிரமுகரான மார்க் வெல்சருக்கு அவர் எழுதிய மூன்று கடிதங்களை, 'அப்பெல்லஸ்' என்ற புனைபெயரில் வெல்சர் 1612 ஜனவரியில் அச்சிட்டார். அதில் ஒரே தகட்டில் பல சிறு வட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வட்டமும் ஒரு நாளைய சூரியன். காலத்தைத் துண்டு துண்டாக நறுக்கி ஒரு பக்கத்தில் பரப்பிவைக்கும் இந்த யுக்திக்கு உரிய புகழை ஷைனருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அப்படத்திலிருந்து அவர் எடுத்த முடிவு தவறானது. புள்ளிகள் சூரியனின் மேனியிலேயே இருப்பவையானால், சூரியன் சுழலும்போது அவை அதே வரிசையில், அதே உருவத்தில் திரும்பி வந்தாக வேண்டும், அவ்வாறு வரவில்லை, எனவே அவை சூரியனைச் சுற்றிச் சஞ்சரிக்கும் சிறு கிரகங்கள் என்று அவர் வாதித்தார். களங்கமற்ற சூரியன் என்ற பழைய கொள்கையைக் காப்பாற்றும் ஆவலும் அவ்வாதத்துக்குப் பின்னே இருந்தது என்பது உண்மையே. எனினும் தர்க்கத்தின் பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஒன்று என்றும் ஒன்றாகவே இருக்கும், உருமாறாது, அழியாது என்று அவர் முன்கூட்டியே தீர்மானித்துக் கொண்டார். அந்தத் தீர்மானத்துக்கு இணங்காத புள்ளியை வேறு புள்ளி என்று ஒதுக்கினார்.

வெல்சர் அந்தக் கடிதங்களைக் கலிலியோவுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். அதற்கு விடையாகக் கலிலியோ 1612 மே, ஆகஸ்டு, டிசம்பர் மாதங்களில் எழுதிய மூன்று கடிதங்களே, அடுத்த ஆண்டு ரோம் நகரில் லிஞ்செயி சபையார் வெளியிட்ட சூரிய களங்க நூலாக உருவெடுத்தன. அந்நூலின் ஜீவன் அதிலுள்ள படங்களில்தான் இருக்கிறது. அவருடைய மாணவர் பெனெடெட்டோ காஸ்டெல்லி கண்டுபிடித்த முறைப்படி, கண்ணைத் தொலைநோக்கியில் வைக்காமல், அதன் பின்னே ஒரு தாளைப் பிடித்து அதன்மேல் சூரிய பிம்பத்தை விழச் செய்தார்கள். தாளில் முன்னதாகவே காம்பஸால் ஒரு வட்டம் போட்டிருக்கும். பிம்பம் அந்த வட்டத்தை அணுவளவும் மிஞ்சாமலும் குறையாமலும் நிரப்பும்வரை தாளை முன்னும் பின்னும் நகர்த்தி, பிறகு புள்ளிகள் விழுந்த இடத்திலேயே பேனாவால் அவற்றைத் தீட்டிக்கொள்ள வேண்டும். எல்லா நாளுக்கும் ஒரே அளவு வட்டம். கூடியமட்டும் ஒரே வேளை. ஜூன் 2 முதல் ஜூலை 8 வரை இவ்வாறு தீட்டப்பட்டு, மத்தேயுஸ் க்ரொய்ட்டரின் கைவண்ணத்தால் செப்புத் தகட்டிலேறிய அந்தப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிச் சென்றால், புள்ளிக் கூட்டங்கள் பிம்பத்தின் ஓர் ஓரத்தில் மெல்லிய கீற்றாகப் புகுந்து, நடுவே வரும்போது அகன்று, மறு ஓரத்தை அடையும்போது மீண்டும் குறுகி மறைவதை நம் கண்ணாலேயே காணலாம். புள்ளிகளுக்கு எழுத்துக்களால் பெயரிட்டு, இன்றைய புள்ளியை நாளைய படத்தில் இனங்காணவும் அவர் வழி செய்தார்.

ஓரத்தில் ஒரு நாளைக்குச் சிறிதளவே நகரும் புள்ளி, நடுப்பகுதியில் அதைப்போலப் பன்மடங்கு நகர்கிறது. ஓரத்தில் நெருங்கி நின்ற இரு புள்ளிகள் நடுவே விலகி நிற்கின்றன. எங்கே தோன்றியதாயினும் ஏறத்தாழ பதினான்கு நாளில் பிம்பத்தைக் கடந்துவிடுகின்றன. சுழலும் ஒரு கோளத்தின் மேற்பரப்பிலேயே ஒட்டியிருக்கும் பொருள் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தென்படவேண்டுமோ அப்படியே இவையெல்லாம் அமைந்திருப்பதைக் கலிலியோ கணித முறையில் எடுத்துக் காட்டினார். சூரியனுக்கு வெகு தொலைவில், அகன்ற பாதையில் அவை சுற்றுவனவாக இருந்தால், ஓரத்தில் இவ்வளவு தாமதம் தோன்றாது. சூரியன் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தன்னைச் சுற்றிவருகிறது என்பது நிரூபணமாயிற்று.

இதில் நான் மிகவும் போற்றுவது வேறொன்று. புள்ளிகள் பிறக்கின்றன, இறக்கின்றன, ஒன்று மூன்று நான்காகப் பிரிகிறது, பல ஒன்றாகக் கூடுகின்றன என்று கலிலியோ வெளிப்படையாக எழுதினார். பூமியின் மேகங்களோடு அவற்றை ஒப்பிட்டார். ஒரு பொருள் உருமாறியும் அதே பொருளாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டதால்தான், ஷைனர் இடறிய இடத்தை அவர் தாண்ட முடிந்தது. எனினும் ஒரு சங்கடத்தை அவரும் முற்றத் தீர்க்கவில்லை. கோயில் முன் மண்டபத்தில் உட்கார்ந்து, பிராகாரம் சுற்றுகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு, கருவறைக்குப் பின்னே மறைந்தவர் எவர், சற்று நேரங்கழித்து மறுபுறம் வெளிப்படுகிறவர் எவர் என்று நிச்சயம் சொல்வதற்கு முகஅடையாளமாவது உண்டு. சூரியனுக்குப் பின்னே இரண்டு வாரம் மறைந்திருக்கும் புள்ளியோ, அதற்குள் முகத்தையே மாற்றிக்கொண்டுவிடுகிறது. பெரும்பாலானவை திரும்பி வருவதேயில்லை. கண்ணுக்கு எட்டாத அந்த இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புவது?

ஷைனரையும் இங்கே மறுபடி நினைவுகூர வேண்டும். தம் பிழையை உணர்ந்து, பல்லாண்டு விடாது நோக்கி, 1630-ல் 'ரோசா உர்சினா' என்ற பெருநூலை அவர் வெளியிட்டபோது, கலிலியோவைத் தூற்றும் பக்கங்கள் நிறைய இருந்தாலும், படக்கலையில் ஒரு படி முன்னேறியிருந்தார். நாளுக்கொரு வட்டம் என்பதை விட்டு, ஒரே வட்டத்தினுள் ஒரு புள்ளியின் பல நாள் நிலைகளை அடுத்தடுத்துக் குறித்துக்கொண்டு போனார். புள்ளியின் யாத்திரை ஒரு கோடாகவே கண்ணுக்குப் புலனாயிற்று. அக்கோடுகள் ஜூன், டிசம்பர் மாதத் தொடக்கத்தில் நேராகவும், மார்ச், செப்டம்பரில் வில்போல் வளைந்தும் இருப்பதைக் கண்டு, சூரியனின் அச்சு ஏறத்தாழ 7 பாகை சாய்ந்திருப்பதை அவர் கண்டுபிடித்தார். இன்று ஏற்கப்படும் அளவு 7¼ பாகை. தனித்தனி வட்டங்களில் ஒளிந்துகிடந்த உண்மை, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியவுடன் பிரத்தியட்சமாயிற்று.

அதன்பின் நீண்ட இடைவெளி. ஏறக்குறைய 1645 முதல் 1715 வரை சூரியனிலேயே புள்ளிகள் மிக அருகிப்போயின. பிறகு வந்தவர்களுள் டெஸ்ஸாவ் நகரத்து மருந்துக் கடைக்காரரான ஹைன்ரிக் ஷ்வாபே, 1826 முதல் ஆண்டுதோறும் புள்ளிக் கூட்டங்களுக்குத் தொடர் எண் இட்டு வந்து, அவை ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை 1844-ல் அறிவித்தார். எண்ணிட்டு வைத்ததனால் அல்லவா, பல நாள் காணும் ஒரே கூட்டத்தைப் பல கூட்டமாக எண்ணிவிடாமல் அவர் தப்பினார்!

இனி, இந்த அத்தியாயத்தின் நாயகர் என்று நான் கருதும் ரிச்சர்ட் காரிங்டன். இங்கிலாந்தின் ரெட்ஹில் என்ற ஊரில், தம் சொந்தப் பொருளில் கட்டிய விண்ணோக்கு நிலையத்தில், 1853 நவம்பர் 9 தொடங்கி வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனை அவர் அளந்தார். வரைந்தார் என்று சொல்லாமல் அளந்தார் என்று சொல்லுகிறேன். பிம்பம் விழும் திரையின் முன்னே ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரண்டு மெல்லிய கம்பிகளை, சூரியன் நகரும் திசைக்கு 45 பாகைச் சாய்வாக அமைத்தார். தொலைநோக்கியை அசையாமல் நிறுத்திவிட்டால், பூமியின் சுழற்சியால் பிம்பம் தானே கம்பிகளைக் கடந்து செல்லும். பிம்பத்தின் ஓரமும் ஒவ்வொரு புள்ளியும் கம்பிகளைத் தொடும் கணங்களைக் கடிகாரத்தால் குறித்துக்கொண்டால், புள்ளியின் இடம் கணக்கிலிருந்து கிடைத்துவிடும். கையின் நடுக்கமும் கண்ணின் சாய்வும் அதில் புகுவது அரிது.

ஆனால் இடம் என்றால் எதிலிருந்து அளந்த இடம்? பூமியில் கிரீன்விச் போன்ற ஓர் ஊரைச் சுட்டித் தீர்க்கரேகையைத் தொடங்கலாம். சூரியனிலோ நிலையாக நிற்கும் குறி ஒன்றுகூட இல்லை. காரிங்டன் செய்தது அபூர்வமான துணிவு. 25.38 நாளுக்கு ஒருமுறை சீராகச் சுழலும், எந்தப் பொருளோடும் பிணைக்கப்படாத ஒரு கற்பனை வலையைச் சூரியனின்மேல் விரித்தார். 1854 ஜனவரி 1 நண்பகலில் அவ்வலையின் முதற்கோடு எங்கே நின்றது என்பதை வரையறுத்தார். பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரு சுற்றுக்கு 27.2753 நாள் ஆகுமென்று கணக்கிட்டு, தாம் நோக்கத் தொடங்கிய நாளிலிருந்து சுற்றுகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்தார்.

இந்த வலையால் விளைந்த பயனைச் சற்று நின்று பார்க்கவேண்டும். திரும்பி வந்த புள்ளி அதே புள்ளிதானா என்று அறியச் சூரியனின் சுழற்சி வேகம் தெரியவேண்டும். சுழற்சி வேகத்தை அறியத் திரும்பி வந்த புள்ளி அதே புள்ளி என்று தெரியவேண்டும். இந்தச் சக்கரத்தில் முன்னோர் பலர் சிக்கிக்கொண்டார்கள். காரிங்டனோ, புள்ளி நம் கண்ணெதிரே இருக்கும் நாட்களிலேயே அதன் நாளோட்டத்தைத் துல்லியமாக அளந்து, அதை வலையின்மேல் இட்டு, மறைந்த பிறகு அது எந்த நாளில் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் வெளிப்படவேண்டும் என்று முன்கூட்டியே கணித்தார். சொன்ன இடத்தில் வந்தது, உருவம் மாறியிருந்தாலும், பழைய புள்ளி. வேறிடத்தில் வந்தது, உருவம் ஒத்திருந்தாலும், புதியது. முகத்தைக் கொண்டு அடையாளம் காண்பதை விட்டு, வழியைக் கொண்டு அடையாளம் கண்டார்.

சீராகச் சுழலும் வலையின்மேல் புள்ளிகளை இட்டபோது, புள்ளிகள் அதனோடு இசையவில்லை என்பதும் உடனே புலப்பட்டது. நடுக்கோட்டின் அருகிலுள்ளவை வலையை முந்திக்கொண்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 பாகை முன்னே ஓடின; துருவங்களை நோக்கி விலகியவை பின்தங்கின. நடுக்கோட்டில் 25 நாளில் முடியும் சுற்று, 30 பாகை அட்சரேகையில் 26½ நாள் எடுக்கிறது. திடப்பொருள் ஒன்று இவ்வாறு சுழல முடியாதாகையால், நாம் காணும் சூரியமேனி திரவம் போல் ஓடும் தன்மையது என்பது தெளிவாயிற்று. நடுக்கோட்டிலிருந்து விலகிய புள்ளிகள் தாமதிக்கின்றன என்பதை ஷைனரே குறித்திருந்தாலும், அதை விதியாக்கி எண்ணால் எழுதியவர் காரிங்டன்.

தந்தையார் 1858-ல் காலமானதால், ப்ரென்ட்ஃபோர்டிலிருந்த குடும்பத்துப் பீர் ஆலையின் பாரம் அவர்மேல் விழுந்தது. புள்ளிகள் பெருகிக் குறையும் பதினோராண்டுக் காலச் சக்கரம் முழுவதையும் நோக்கிவிட வேண்டும் என்றிருந்த சங்கற்பம் நிறைவேறாமல், 1861 மார்ச்சில் ஏறத்தாழ ஏழரை ஆண்டோடு நோக்கை நிறுத்தி, நிலையத்தையும் விற்றார். இதனிடையே 1859 செப்டம்பர் 1 அன்று ஒரு புள்ளிக் கூட்டத்தின்மேல் பேரொளி வெடித்ததைக் கண்ட முதல் மனிதர்களுள் அவரும் ஒருவர். உலகம் அவரை நினைவுகூர்வது பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடங்களுக்காகவே. அந்த ஒளி அதிர்ஷ்டத்தால் கண்டது. 1863-ல் வெளிவந்த அட்டவணைகளோ தவத்தால் விளைந்தவை. என் மதிப்பில் இரண்டாவதே பெரிது.

அவ்வட்டவணைகளிலேயே இன்னொரு செய்தியும் இருந்தது. 1856-ஐ ஒட்டிப் புள்ளிகள் அருகும் காலம் வரும்வரை அவை நடுக்கோட்டை நெருங்கித் தோன்றின. பின்னர் திடீரென்று உயர்ந்த அட்சரேகைகளில் புதிய கூட்டங்கள் முளைத்தன. ஜெர்மனியில் குஸ்டாவ் ஷ்போரர் இதனைத் தனியே கண்டு மேலும் ஆராய்ந்தார். கிரீன்விச் விண்ணோக்கு நிலையத்தில் 1874 முதல் நாள்தோறும் எடுக்கப்பட்ட சூரியப் புகைப்படங்களை அளந்துவந்த வால்ட்டர் மாண்டரும், அங்கே கணக்காளராகப் பணியாற்றி, மணமானதும் அக்கால விதிப்படி வேலையை விட நேர்ந்த அவர் மனைவி ஆனி மாண்டரும், இச்செய்தியை 1904-ல் ஒரு படமாக்கினார்கள். கிடைக்கோட்டில் காலம், நிலைக்கோட்டில் அட்சரேகை. ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளிகள் இருந்த அட்சரேகைகளில் சிறு கீறல்கள். வேறொன்றுமில்லை. கீறல்கள் திரண்டு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக அமர்ந்தாற்போல ஓர் உருவம் தாளில் எழுந்தது.

இப்படத்தைப் பார்க்கும் பலர், புள்ளிகள் 30 பாகையிலிருந்து நடுக்கோட்டை நோக்கி இறங்கி வருகின்றன என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படியல்ல. தனிப் புள்ளி ஒவ்வொன்றும் தான் பிறந்த அட்சரேகையிலேயே ஏறக்குறைய வாழ்ந்து மடிகிறது. பல புள்ளிகளுக்கு ஆயுள் சில நாட்களே. பதினோராண்டு முழுதும் மெல்ல இறங்கி வருவது புள்ளிகள் பிறக்கும் வளையம். அந்த வளையத்தை எந்தத் தொலைநோக்கியாலும் எந்த ஒரு நாளிலும் பார்க்க முடியாது. காரிங்டன் தனிப் புள்ளியின் அடையாளத்தைப் பற்றிக்கொண்டு சூரியனின் சுழற்சியைக் கண்டார். மாண்டர் தம்பதிகள் தனிப் புள்ளியின் அடையாளத்தை விட்டுவிட்டதனாலேயே வளையத்தின் சஞ்சாரத்தைக் கண்டார்கள். எதனை ஒரு பொருளாகக் கொண்டு தொடர்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே தகவல் குவியலிலிருந்து வெவ்வேறு உண்மைகள் வெளிப்படுகின்றன.

இதற்குச் சான்று நம் கொடைக்கானலிலேயே கிடைத்தது. 1899-ல் ஏற்பட்ட அந்தச் சூரிய நோக்கு நிலையத்தில், 1904 முதல் சூரியனின் புகைப்படங்கள் கண்ணாடித் தகடுகளில் தொடர்ந்து எடுக்கப்பட்டு வந்தன. தலைமுறை தலைமுறையாக மலைப்பனியில் காத்திருந்து அவற்றை எடுத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். சிவராமனும் குப்தாவும், அமெரிக்கரான ராபர்ட் ஹோவர்டும் அத்தகடுகளில் புள்ளிகளின் இடங்களை அளந்து, கணிப்பொறியில் ஏற்றி, 1906 முதல் 1987 வரையிலான சுழற்சியை ஆராய்ந்தார்கள். அதற்கு முன்பே ஹோவர்டும் அவருடைய துணைவர்களும் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் தகடுகளைக்கொண்டு, சிறு புள்ளிகள் பெரும் புள்ளிகளைவிட ஏறத்தாழ 2 சதவீதம் வேகமாகச் சுழல்வதை 1984-ல் காட்டியிருந்தார்கள். ஆகவே கூட்டத்தைத் தொடர்ந்தால் ஒரு வேகமும், கூட்டத்தினுள் தனிப் புள்ளியைத் தொடர்ந்தால் வேறொரு வேகமும் கிடைக்கும், இரண்டும் மெய்யே.

கணிப்பொறியின் காலத்தில் சங்கடம் வேறு உருக்கொண்டது. 2010-ல் ஏவப்பட்ட அமெரிக்கச் சூரியச் செயற்கைக்கோள், நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெரும் படங்களை அனுப்புகிறது. மனிதர் உட்கார்ந்து புள்ளிக்குப் பெயரிட்டு முடியாது. கணக்கினால் உண்டாக்கப்படும் சுழல்களையும் கொந்தளிப்புகளையும் ஆராய்ந்தவர்களுக்கும் இதே நிலை முன்னரே நேர்ந்திருந்தது. நியூ ஜெர்ஸியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டெபொரா சில்வரும் நார்மன் ஸபூஸ்கியும் அவர்களுடைய துணைவர்களும் 1994-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு பொருளுக்குக் காலத்தில் நேரக்கூடியவை ஐந்தே என்று வகுத்தார்கள்: தொடர்தல், தோன்றல், மறைதல், பிளத்தல், கலத்தல். கலிலியோ கடிதத்தில் எழுதியவற்றை ஏறக்குறைய அப்படியே இயந்திரத்துக்குரிய விதியாக அவர்கள் ஆக்கினார்கள் எனலாம். பின்பு சில்வர் கையாண்ட முறையில், நேற்றைய உருவமும் இன்றைய உருவமும் ஒரே இடத்தில் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதே அடையாளத்துக்கு அளவுகோல். ஆனால் சூரியப் புள்ளி நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை நகர்வதால், நாளுக்கொன்று எடுத்த படங்களில் சிறு புள்ளி தன் நேற்றைய இடத்தின்மேல் படியவே படியாது. முதலில் சுழற்சியைக் கழித்துவிட்டுப் பிறகுதான் ஒப்பிடவேண்டும். கழிப்பதற்குக் கையாளும் வலை காரிங்டன் விரித்த அதே வலை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ரெய்ண்டர்ஸும் போஸ்டும், சென்ற வழியைக்கொண்டு வரப்போகும் இடத்தையும் வடிவத்தையும் முன்கணித்து, வந்ததோடு பொருத்திப் பார்க்கும் முறையை 2001-ல் விளக்கினார்கள். அதுவும் ரெட்ஹில்லில் நடந்ததன் வழித்தோன்றலே.

இன்று சஞ்சிகைகளிலும் திரையிலும் நம் முன்னே ஓடும் இத்தகைய படங்களில், ஒரு சுழல் பிளந்தது, ஒரு புள்ளி மறைந்தது என்று வண்ணத்தால் காட்டும்போது, அது இயற்கையில் நிகழ்ந்ததா, அல்லது எல்லையாகக் கொண்ட ஓர் எண்ணைச் சற்றுக் கூட்டிக் குறைத்ததால் படத்தில் மட்டும் நிகழ்ந்ததா என்பது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. காரிங்டன் தம் அளவைகளையும், வலையின் வரையறையையும், ஒன்றென்று கொண்டதற்கான காரணத்தையும் ஒளிக்காமல் அச்சிட்டார். அதனால்தான் அவர் கணக்கைப் பிற்காலத்தார் திருத்தவும் வளர்க்கவும் முடிந்தது. காலத்தில் மாறும் பொருளின் படத்தை வெளியிடும் எவரும், அடையாளத்துக்குக் கொண்ட விதியையும் அதன் எண்களையும் படத்தோடு சேர்த்தே வெளியிடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விதி கூறாத படத்தைச் சான்றாக ஏற்றுக்கொள்ள வேண்டாமென்று வாசகர்களை, குறிப்பாக ஆராய்ச்சித் துறையில் புகுந்திருக்கும் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த அத்தியாயத்தில், கல்கத்தாவில் அமர்ந்துகொண்டு, கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்து வங்கக் கடற்புயல்களின் பாதையைக் கோடாக இழுத்த ஹென்றி பிடிங்டனைப் பார்ப்போம்.